‘ஆள் கிடைக்கல’ என்றால் என்ன அர்த்தம்?

மேன்பவர் குரூப் என்ற ஆள்சேர்ப்பு நிறுவனம் ஆண்டுதோறும் ஓர் ஆய்வு வெளியிடுகிறது. அதன்படி 2025-ல் இந்தியாவில் 80 சதவீத நிறுவனங்கள், தேவையான திறனுள்ள ஆட்கள் கிடைப்பது சிரமமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கின்றன. 2024-ல் இது 81 சதவீதம். உலக சராசரி 74. இதோடு சேர்த்துப் படிக்க ‘இந்தியா ஸ்கில்ஸ் ரிப்போர்ட்’ என்று இன்னொன்று இருக்கிறது. நம் பட்டதாரிகளில் 54.81 சதவீதம் பேர்தான் வேலைக்குத் தகுதியானவர்கள் என்று 2025-ல் அது சொன்னது. தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம்! அந்தத் துல்லியம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், ஓர் இணையவழித் தேர்விலிருந்து. ஆங்கிலம், கணக்கு, தர்க்கம், கணினி. ஒரு டர்னருக்கு லேத்தில் கை எப்படி ஓடுகிறது என்பதை அந்தத் தேர்வு எப்படிப் பார்க்கும் என்று எனக்குப் புரியவில்லை.

இந்த இரண்டு எண்களும் செய்தித்தாளுக்கு வரும்போது ஒரே வாக்கியமாகிவிடுகின்றன: ‘வேலை இருக்கு, ஆள் இல்லை, ஆள் இருக்கு, திறமை இல்லை.’ பிறகு அமைச்சர்கள் அதைச் சொல்கிறார்கள், தொழிற்கூட்டமைப்புகள் சொல்கின்றன, பட்டமளிப்பு விழா சிறப்பு விருந்தினர் சொல்கிறார். உற்பத்தித் துறையைப் பற்றிச் சில மாதங்களாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க இந்த வாக்கியத்தின் மேல் சந்தேகம்தான் கூடுகிறது. அது முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். மூன்று தனித்தனிப் பிரச்சினைகளை ஒரே மூட்டையில் கட்டி, அந்த மூட்டையைத் தொழிலாளியின் தலையில் வைக்கிறது என்பதுதான் என் புகார்.

‘ஆள் கிடைக்கல’ என்று ஒருவர் சொன்னால் அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். ஒன்று, நான் தருகிற சம்பளத்துக்கு யாரும் வரவில்லை. இரண்டு, வருகிறார்கள், நிற்பதில்லை. மூன்று, இந்த வேலை தெரிந்தவர்களே ஊரில் குறைவு. மூன்றாவது மட்டும்தான் திறன் பற்றாக்குறை. முதல் இரண்டும் சம்பளம், வேலைநேரம், தங்குமிடம், நிரந்தரம் சம்பந்தப்பட்டவை. ஆனால் ஆய்வாளர் படிவத்தோடு போய், ‘ஆள் எடுப்பது சிரமமா?’ என்று முதலாளியிடம் கேட்டால் மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்ற ஒரே பதில்தான் வரும். வேறென்ன சொல்வார்? தக்காளி விற்கிறவரிடம் போய் விலை கட்டுப்படியாகிறதா என்று கேட்பது மாதிரிதான் இது.

அமெரிக்காவில் இந்தக் கேள்வியை வேறு மாதிரி கேட்டுப் பார்த்தார்கள். ஆண்ட்ரூ வீவர், பால் ஆஸ்டர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் உற்பத்தி ஆலைகளிடம் கருத்துக் கேட்காமல் காலியிடத்தைக் கணக்கெடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நிரப்பப்படாமல் கிடக்கும் இடம் எத்தனை? 2017-ல் வந்த அவர்களது கட்டுரையின்படி, அப்படி நீண்டநாள் சிரமப்படும் ஆலைகள் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருந்தன. இன்னொரு விஷயமும் கண்டார்கள். கணினித் திறன் கேட்கிற ஆலைகளுக்கு ஆள் கிடைப்பதில் தனிச் சிரமம் எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் மேல்மட்டக் கணக்கும் வாசிப்பும் தேவைப்படுகிற ஆலைகளுக்குத்தான் சிரமம். அதாவது பள்ளிக்கூட விஷயம். ‘எதிர்காலத் தொழில்நுட்பத் திறன்’ என்று மேடையில் பேசப்படுவதோடு இதற்குப் பெரிய உறவில்லை.

அதே அமெரிக்காவில் டெலாய்ட் நிறுவனமும் உற்பத்தியாளர் அமைப்பு ஒன்றும் சேர்ந்து வெளியிடும் கணிப்புகளையும் பாருங்கள். 2018-ல் சொன்னது: 2028-க்குள் 24 லட்சம் இடங்கள் நிரப்பப்படாமல் போகலாம். 2021-ல்: 2030-க்குள் 21 லட்சம். 2024-ல்: 2033-க்குள் 19 லட்சம். கெடு தள்ளிக்கொண்டே போகிறது. பேரழிவு மட்டும் எப்போதும் ஒன்பது பத்து வருடம் தள்ளியே இருக்கிறது, நம்மூர் மெட்ரோ ரயில் நீட்டிப்பு மாதிரி. ஒருகாலத்தில் அங்கே ஆலைத் தொழிலாளியின் மணிக்கூலி மற்ற துறைகளைவிட நன்றாகவே இருந்தது. அந்த முன்னிலை கரைந்துபோன கதையை இந்த அறிக்கைகளின் தலைப்பில் பார்க்க முடியாது.

சரி, நம்மூருக்கு வருவோம்.

அம்பத்தூரிலோ ஒரகடத்திலோ மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் ‘ஆட்கள் தேவை’ நோட்டீஸைப் படித்திருக்கிறீர்களா? நான் கொஞ்சநாள் அதைப் படம் எடுத்துச் சேர்த்துவைத்தேன். பெரும்பாலும் ஒரே அச்சு. 10, 12, ஐ.டி.ஐ., டிப்ளமோ, எனி டிகிரி. வயது 18 முதல் 25, சிலதில் 28. உணவு, பஸ், தங்குமிடம். ஓ.டி. உண்டு. எந்த மெஷின், எந்த வேலை என்பது பல நோட்டீஸில் இருக்கவே இருக்காது. திறமைக்குத்தான் பஞ்சம் என்றால், 38 வயதில் 15 வருட அனுபவத்தோடு இருக்கிற ஆளை ஏன் வயதைச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும்? பத்தாவது முடித்தவருக்கும் டிகிரி முடித்தவருக்கும் ஏன் ஒரே வேலை? இந்த நோட்டீஸ் தேடுவது இளம் உடம்பை. இரவு ஷிஃப்ட் பார்க்கும், கேள்வி கேட்காது, இரண்டு வருடத்தில் கிளம்பிவிடும்.

இதற்கு நேர்மாறான பரிசோதனை ஒன்று தமிழ்நாட்டில் தானாகவே நடந்தது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டது. உச்சத்தில் அங்கே சுமார் 8,000 பேர் வேலை செய்தார்கள். 2022-ல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையின் கடைசிக் கார் வெளியே வந்தது. நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும் ஏறத்தாழ 2,600 பேர். உலகத்தரம் என்று நாமே பெருமைப்பட்ட ஆலைகளில் பல வருடம் பயிற்சி பெற்ற கைகள் இவை. திறனுக்குப் பஞ்சமான ஊரில் இவர்களைக் கொத்திக்கொண்டு போயிருக்க வேண்டாமா? செய்திகளில் நாம் பார்த்தது போராட்டமும் இழப்பீட்டுப் பேச்சுவார்த்தையும்தான். 35 தாண்டியவர், நல்ல சம்பளம் வாங்கியவர், சங்கத்தில் இருந்தவர். இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தத் திறனும் எடுபடாது என்று அந்த வட்டாரத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

மின்னணு ஆலைகளின் கதை இன்னும் தெளிவு. ஐஃபோன் அசெம்பிளி வரிசையில் ஒருவர் செய்யும் வேலையைச் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் கற்றுக்கொடுத்துவிடலாம். அப்படித்தான் அந்த வேலை துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அங்கே ஆள் பிரச்சினை எப்படித் தீர்க்கப்பட்டது? 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி திறக்கப்பட்டது. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடம்பு கெட்டுப் பெண்கள் சாலையில் உட்கார்ந்த பிறகு அது அவசியமும்கூட. ஆனால் கவனியுங்கள், அந்த வட்டாரத்தில் குறைவாக இருந்தது படுக்கை. திறன் இல்லை. இதற்கு இரண்டு மாதம் முன்பு, 2024 ஜூனில், அதே தொழிலில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாடு இல்லை என்று மறுத்தது. யார் சொல்வது சரி என்பது ஒருபக்கம் இருக்கட்டும். ‘ஆள் இல்லை’ என்ற பேச்சும் ‘இன்னாரை எடுப்பதில்லை’ என்ற புகாரும் ஒரே ஊரில் ஒரே நேரத்தில் எழுவதே யோசிக்கவேண்டிய விஷயம்.

இரண்டாவது அர்த்தத்துக்கு வருகிறேன், ‘வர்றாங்க, நிக்க மாட்டேங்கறாங்க’. தொழிற்சாலைகளின் ஆண்டாய்வுப் புள்ளிவிவரம் ஒன்று போதும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பதிவுபெற்ற ஆலைகளின் தொழிலாளர்களில் ஒப்பந்தத் தொழிலாளர் சுமார் 20 சதவீதம். 2022-23-ல் 40.7 சதவீதம். இரட்டிப்பு! ஐந்தில் இரண்டு பேரை நாம் ‘எங்க ஆள் இல்லை, கான்ட்ராக்டர் ஆள்’ என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று வருத்தப்படுகிறோம்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிக் கிளைக்கதை உண்டு. 1981-ல் இங்கே ஒரு சட்டம் வந்தது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தால் அந்தத் தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். படிக்க அருமையான சட்டம். நடைமுறையில் அந்த 480 ஒரு மதில் மாதிரி ஆகிவிட்டது. அதைத் தொடுவதற்கு முன்பே ஆளை மாற்றுவது, டிரெய்னி, அப்ரண்டிஸ் என்று வேறு பெயர் வைப்பது, கான்ட்ராக்டர் மாற்றி மீண்டும் முதல் நாளிலிருந்து எண்ணுவது எல்லாம் தொழிற்பேட்டைகளில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஒன்றரை வருடத்தில் ஒருவன் வேலையைக் கற்றுத் தேறும் சமயம், கேட் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்புகிறோம். சட்டத்தின் குற்றமா? நான் அப்படி நினைக்கவில்லை. நிரந்தரம் செய்தால் கூடும் செலவையும் புதுசாக ஒருவனுக்குக் கற்றுக்கொடுக்கும் செலவையும் அருகருகே வைத்துப் பார்த்து, இரண்டாவதுதான் மலிவு என்று நிறுவனம் முடிவுசெய்கிறது. கற்றுக்கொடுப்பது மலிவு என்றால் அந்த வேலைக்கான திறன் அரிதானது இல்லை. அரிதான திறனை யாராவது 479-வது நாளில் வெளியே அனுப்புவார்களா?

அப்ரண்டிஸ் விவகாரமும் இதையொட்டியதுதான். 1961-ல் வந்த தொழில் பழகுநர் சட்டத்தை 2014-ல் பெரிதாகத் திருத்தினார்கள். 2019 விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை வைத்துக்கொள்ள வேண்டும். அந்த விதிகளில் உதவித்தொகை படிப்பைப் பொறுத்து 5,000 முதல் 9,000 ரூபாயாக இருந்தது. 2016-ல் தொடங்கிய ஊக்குவிப்புத் திட்டத்தில் இதில் கால் பங்கை, 1,500 ரூபாய் உச்சவரம்போடு, மத்திய அரசே தருகிறது. சட்டப்படி பழகுநர் தொழிலாளி அல்லர், பயிற்சி பெறுபவர். பயிற்சி முடிந்தால் வேலை தரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பொருளாதார வல்லுநர் கேரி பெக்கர் 1964-ல் எழுதிய மனித மூலதனம் பற்றிய புத்தகத்தில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. எங்கே போனாலும் பயன்படும் திறனை ஒரு நிறுவனம் தன் காசைப் போட்டுச் சொல்லித்தராது, ஏனென்றால் கற்றவன் பக்கத்து ஆலைக்குப் போய்விடலாம். எனவே கற்பவனே, குறைந்த கூலி வாங்கிக்கொள்வதன் மூலம், அந்தச் செலவை ஏற்கிறான். நியாயமான பண்டமாற்றுதான், கற்றுக்கொடுத்தால்! காலையிலிருந்து மாலைவரை ஒரே பிரஸ்ஸில் ஒரே தகட்டை வைத்து எடுக்கிற பையனுக்கு முதல் வாரத்துக்குப் பிறகு கற்க என்ன இருக்கிறது? மீதி 51 வாரமும் அவன் வாங்குவது வெறும் குறைந்த கூலி. அதற்குப் பயிற்சி என்று பெயர்.

ஜெர்மனியை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். நம் சட்டத்தைத் திருத்தும்போதும் காட்டினார்கள். அங்கே ஒரு தொழிலக மெக்கானிக் ஆக மூன்றரை வருடம். வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மீதி நாள் ஆலை. கடைசியில் தேர்வு வைப்பது ஆலை இல்லை, வட்டாரத் தொழில் வர்த்தகச் சபை. ஆலை ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை என்றால் அந்தத் தேர்வில் குட்டு வெளிப்பட்டுவிடும். கூலியும் பெருமளவு தொழிற்சங்க ஒப்பந்தத்தால் முடிவாகிறது, பக்கத்து ஆலைக்காரன் ஆயிரம் ரூபாய் சேர்த்துக் கொடுத்து ஆளை இழுப்பதும் அதனால் குறைவு. நாம் அங்கிருந்து எடுத்துக்கொண்டது உதவித்தொகையை மட்டும். தேர்வையும் சங்கத்தையும் விட்டுவிட்டோம்.

இனி மூன்றாவது அர்த்தம். உண்மையான பற்றாக்குறை. இது இருக்கிறது, இங்கேதான் எனக்கு வருத்தமும் இருக்கிறது.

கோவைப் பக்கம் கணபதி, பீளமேடு, சிட்கோ பட்டறைகளில் ‘திறன்’ என்ற சொல்லையே கேட்க முடியாது. ‘வேலை தெரிஞ்ச ஆள்’, ‘கை வந்துருச்சு’, ‘இன்னும் கை வரல’ என்பார்கள். ஒரு சி.என்.சி. மெஷினில் ஆபரேட்டர் வேறு, செட்டர் வேறு. ஆபரேட்டர் ஜாபை மாட்டுவார், பட்டனை அழுத்துவார், முடிந்ததும் கேஜ் வைத்துப் பார்ப்பார். இதை ஒரு மாதத்தில் பழக்கிவிடலாம். செட்டர்தான் புது ஜாபுக்கு டூல் மாட்டி, ஆஃப்செட் போட்டு, புரோகிராமைத் திருத்தி, முதல் பீஸை அளவுக்குக் கொண்டுவருபவர். அளவு இரண்டு நூறில் தப்பினால் அது டூல் தேய்மானமா, ஜாப் சரியாகப் பிடிக்கவில்லையா, வார்ப்பிலேயே கோளாறா என்று சத்தத்தையும் சுருளையும் பார்த்துச் சொல்பவர். இவருக்கு மூன்று நான்கு வருடம் வேண்டும், பக்கத்தில் ஒரு மூத்தவரும் வேண்டும். டூல் அண்ட் டை மேக்கர், மரத்தில் பேட்டர்ன் செய்பவர், குழாய் வெல்டிங்கில் கடைசிப் படியான சிக்ஸ் ஜி பாஸ் செய்தவர், மெஷின் நின்றால் எழுப்புகிற மெயின்டனன்ஸ் ஆள் எல்லோரும் இந்த ரகம். இவர்கள் நிஜமாகவே குறைவு.

ஏன் குறைந்தார்கள் என்று தேடினால் ஐ.டி.ஐ.யைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். மெஷின் பழசு, பாடம் பழசு. அதில் உண்மை உண்டு. அதற்காகத்தான் தமிழக அரசு டாட்டா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்தது. ரோபோ, லேசர் கட்டிங் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் ஃபிட்டர், டர்னர் படிப்பு ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம். அங்கே ஒருவன் ஃபைல் பிடிக்கவும் வெர்னியர் படிக்கவும் கற்று வருவான். கை வருவது அதன்பிறகு பட்டறையில்தான். அந்த இரண்டாம் பாதியை ஏற்றுக்கொண்டவர்கள் யார் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ஒருகாலத்தில் கோவையில் கல்வியும் ஆலையும் ஒன்றாகவே இருந்தன. 1926-ல் பி.எஸ்.ஜி. குடும்பத்து அறக்கட்டளை தொடங்கிய இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் பம்பும் மோட்டாரும் செய்து விற்கிற பட்டறையாகவும் இருந்தது, கற்கிற இடமாகவும் இருந்தது. ஜி.டி. நாயுடு 1940களில் பொறியியல் படிப்புக்கு நான்கு வருடம் வீண், இரண்டு வருடம் போதும் என்று அரசோடு முரண்டு பிடித்தவர். நாயுடு சொன்ன கணக்கு சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் கற்பதற்கான இடம் பட்டறை என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பெரிய பொதுத்துறை நிறுவனங்கள் பலவற்றிலும் சொந்தப் பயிற்சிப் பள்ளி இருந்தது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்கள் பின்னாளில் சென்னையின் தனியார் ஆலைகளுக்கும் போனார்கள். தனியார் துறை அந்தப் பயிற்சிக்குக் காசு கொடுக்கவில்லை, பலனை மட்டும் எடுத்துக்கொண்டது.

இன்று அந்த இடத்தில் இருப்பது சிறு பட்டறை. ஆறு மெஷின், பத்துப் பன்னிரண்டு பேர். கோவையில் இப்படியொரு பட்டறை நடத்துகிறவரிடம் சமீபத்தில் ஒரு மாலைநேரம் பேசினேன். பம்ப் உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் எடுக்கிறவர். “பையன் வந்தா ரெண்டு வருசம் சோறு போட்டுச் சொல்லித் தர்றேனுங்க. அவன் உடைக்கிற இன்சர்ட்டு, ரிஜெக்ட் ஆகிற பீசு எல்லாம் என் கணக்குலதான். கை வந்ததும் பெரிய கம்பெனி நாலாயிரம் அதிகம்னு கூப்டுக்குது. அந்தக் கம்பெனிக்குத்தான் நானும் ஜாப் ஒர்க் பண்றேன்,” என்றார். நீங்களும் நாலாயிரம் கூட்டித் தரலாமே என்றேன். “பீஸ் ரேட்ட ஏத்தித் தரச் சொல்லுங்க, நாளைக்கே தர்றேன்.”

எனக்குக் கிடைத்த அத்தனை அறிக்கைகளிலும் இல்லாத பொருளாதாரம் இதில் இருந்தது. பீஸ் விலையை முடிவுசெய்வது மேலே இருக்கிற நிறுவனம். அந்த விலைக்குள் பயிற்சிச் செலவுக்கு இடமில்லை. பயிற்சியோ கீழே இருக்கிற பட்டறையில் நடக்கிறது. பயிற்சி முடிந்த ஆள் மேலே போகிறான், கொஞ்சப் பேர் வளைகுடாவுக்குப் போகிறார்கள். மேலே ஆள் போதாமல் போனால், ஆய்வுப் படிவத்தில் ‘திறன் பற்றாக்குறை’ என்று டிக் அடிப்பவரும் மேலே இருப்பவர்தான். கணபதிப் பட்டறைக்காரரிடம் அந்தப் படிவம் வந்து சேருமா என்பதே சந்தேகம்.

பவுண்டரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மோல்டிங், ஃபெட்லிங் வேலைகளில் இப்போது பெரும்பாலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள். ‘நம்ம பசங்க சோம்பேறி ஆயிட்டாங்க’ என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது என்ன நடந்தது? ஊருக்குக் கிளம்பியவர்களைத் தடுக்க முதலாளிகளும் அதிகாரிகளும் இந்தியில் பேசி நம்பிக்கை கொடுத்தார்கள். திறமையற்ற கூலிகள் என்று யாரை ஏட்டில் எழுதியிருந்தோமோ, அவர்கள் ஒரு வாரம் இல்லையென்றால் உருக்கு உலை நின்றுவிடும் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மணலின் ஈரத்தைக் கையில் பிடித்துப் பார்த்தே சொல்கிற மோல்டர் எந்தக் கணக்கில் ‘அன்ஸ்கில்டு’ என்று எனக்கு விளங்கவில்லை. கூலி அட்டவணையில் அவரை அங்கே வைப்பது சௌகரியம், அவ்வளவுதான்.

அடுத்த முறை யாராவது இப்படியொரு ஆய்வு நடத்தினால் படிவத்தில் நான்கு கேள்விகளைச் சேர்க்கட்டும். அந்த வேலைக்கு மூன்று வருடம் முன்பு என்ன சம்பளம் சொன்னீர்கள், இப்போது என்ன சொல்கிறீர்கள்? போன வருடம் எடுத்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? 30 வயதுக்கு மேற்பட்டவர் எத்தனை பேரை எடுத்தீர்கள்? இந்த வேலையை உங்கள் ஆலையிலேயே கற்றவர்கள் எத்தனை பேர்? பட்டறைக்காரரிடம் இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். டீ ஆறுவதற்குள் நான்குக்கும் பெயரோடு பதில் சொல்லிவிட்டார், கடைசியாகப் போன பையனின் திருமணத்துக்கு மொய் எழுதியது வரை.